தோழமையின் துலாக்கோல்

பலர் கூடி ஒரு செயலைச் செய்யும்போது எழுகின்ற கேள்விகளுள் மிகப் பழையது, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது. ஏர் பூட்டிய வயலிலும், பந்தல் போட்ட மண்டபத்திலும், பத்துப் பேர் கூடி நடத்தும் சங்கத்திலும் இக்கேள்வி உண்டு. பெரியவர்களிடையே எழும்போது அது மனக்கசப்பாக உள்ளேயே தங்கிவிடுகிறது; நாகரிகம் கருதி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிறுவர்களின் விளையாட்டில்தான் அது வெளிப்படையாகப் பேசப்படுகிறது. "எனக்கு முறையே வரவில்லை" என்று அழும் குழந்தை, அறநூலாரும் அரசியல் நூலாரும் பல பக்கங்களில் ஆராயும் ஒன்றை மூன்று சொற்களில் கூறிவிடுகிறது. ஆகவே, ஒரு விளையாட்டைப் பற்றி, அதிலும் அதன் விதிகளுள் உள்ள ஒரு சிக்கலைப் பற்றி, இலக்கிய மலரில் எழுதுவதை அன்பர்கள் பொறுத்தருள்வர் என நம்புகிறேன்.

தில்லியில் வளரும் நம் வீட்டு இளைஞர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடும் அவ்விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. நிலவறைகளும் நாகங்களும் என்று அதைத் தமிழில் சொல்லலாம். அதற்குப் பலகை கட்டாயமில்லை. திரையும் மின்கருவியும் வேண்டா. நான்கைந்து பேர், ஒரு மேசை, தாள், எழுதுகோல், நான்கு முகம் முதல் இருபது முகம் வரை கொண்ட பகடைகள், ஒரு விதிநூல் ஆகியவை போதும். குழுவில் ஒருவர் கதையை நடத்துவார். அவரை 'டஞ்சன் மாஸ்டர்' என்பர். நான் நடுவர் என்றே குறிப்பிடுகிறேன். "மலைக் கணவாயில் பொழுது சாய்கிறது, எதிரே இடிந்த கோட்டை தெரிகிறது, என்ன செய்வீர்கள்?" என்று அவர் வினவ, ஏனையோர் தாம் தாம் ஏற்ற பாத்திரத்தின் வாயாக விடை கூறுவர். முயற்சி கைகூடுமா என்பது ஐயமானால் பகடை உருளும். இவ்வாறு ஒரே கதை மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் வளரும். கூத்தும் கதைசொல்லலும் கணக்கும் கலந்த ஒன்று எனலாம்.

பாத்திரம் ஒவ்வொன்றும் ஒரு வகையைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்பர். வகுப்பு என மொழிபெயர்த்தால் நம்மவர் மனம் வேறெங்கோ செல்லும். ஆதலின் வகை என்ற சொல்லே நன்று. போர்வீரன் வாளும் கவசமும் கொண்டவன். மந்திரவாதி ஏட்டில் கற்ற மந்திரங்களை ஏவுபவன். சமயகுரு காயம் ஆற்றுபவர். கள்வன் பூட்டைத் திறப்பவன், மறைந்திருக்கும் பொறிகளை அறிபவன். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் உண்டு. ஆகவே கூடிச் செல்கின்றனர். இவ்வகைகளின் வலிமையை எவ்வாறு நிறுத்துச் சமன் செய்வது என்பதே, இவ்விளையாட்டை ஆடுவோர் 50 ஆண்டுகளாக ஓயாமல் வழக்காடி வரும் பொருள்.

நம் ஊர்த் திண்ணைகளில் கட்டம் கீறி ஆடிய ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பார்ப்போம். புலிகள் 3, ஆடுகள் 15. புலி தாண்டிக் கொல்லும். ஆடு கொல்லாது, சூழ்ந்து அடைக்கும். இரு தரப்பின் ஆற்றலும் வேறு வேறு. ஆயினும் ஆட்டம் சமனாக நிற்கிறது. அதை எப்படி அறிகிறோம்? வெற்றி தோல்வியால் அறிகிறோம். எப்போதும் புலியே வென்றால் விதியை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் நான் கூறும் விளையாட்டில் போர்வீரனும் மந்திரவாதியும் எதிரிகள் அல்லர், தோழர்கள். வென்றால் இருவரும் வெல்வர், வீழ்ந்தால் இருவரும் வீழ்வர். தோழரை நிறுப்பதற்கு எந்தப் படிக்கல்லை எடுப்பது? நிலவறையிலிருந்து பொன்னுடன் மீண்ட குழு வென்ற குழுதான். ஆனால் அக்குழுவில் ஒருவன் மூன்று மணி நேரம் பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இச்சிக்கலின் வேர் விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், போர்க்கள விளையாட்டுகளில் தோய்ந்தவர். சிறுசிறு படைவீரர் பொம்மைகளை மேசைமேல் அணிவகுத்து ஆடுவன அவ்விளையாட்டுகள். 1971-ஆம் ஆண்டு அவரும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற விதிநூலின் பிற்சேர்க்கையில் கற்பனை மாவீரர்களும் மந்திரவாதிகளும் இடம்பெற்றனர். அதில் மாவீரன் ஒருவன் நான்கு சாதாரண வீரர்க்குச் சமம். மந்திரவாதியின் தீப்பந்தோ கல்லெறியும் பெரிய கவண்பொறியின் வீச்சுக்குச் சமம். மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன், ஆடுபவர் ஒவ்வொருவரும் படையை விடுத்து ஒரே ஒரு மனிதனை ஏற்று நடத்தும் முறையைத் தம்முடைய 'பிளாக்மூர்' கதையுலகில் வளர்த்தார். இருவர் உழைப்பும் சேர்ந்து 1974-ஆம் ஆண்டு டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் வெளியீடாக, முதற்பதிப்பு 1,000 பெட்டிகளாக வெளிவந்தது. போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே வகைகள் அதில் இருந்தன. கள்வன் 1975-இல் 'கிரேஹாக்' என்னும் துணைநூல் வழியே வந்து சேர்ந்தான்.

படைக்கள விளையாட்டில் காலாளும் கவண்பொறியும் ஒரே படைத்தலைவன் கையில் இருந்தன. பொறி நூறு பேரை வீழ்த்திற்றே என்று காலாள் பொம்மை வருந்துவதில்லை. அவற்றைத் தனித்தனி மனிதர் கையில் கொடுத்து, ஒரே மேசையில் அருகருகே அமரச் செய்தபோதுதான், "நான் காலாள், நீ கவண்பொறியா?" என்ற கேள்வி பிறந்தது. பண்டைய விதி வகுத்தோர் இதை அறியாதவர் அல்லர். அவர்கள் தேடிய தீர்வு காலம்.

1978-இல் வெளிவந்த ஆடுவோர் கையேட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவன் எவ்வளவு அடி தாங்குவான் என்பதைக் குறிக்கும் உயிர்ப்புள்ளியைப் போர்வீரனுக்குப் பத்து முகப் பகடை தருகிறது. மந்திரவாதிக்கு நான்கு முகப் பகடையே. மந்திரவாதி கவசம் அணிதல் ஆகாது. முதற்படியில் அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரே மந்திரம். சொன்னவுடன் அது நினைவிலிருந்து அழியும். உறங்கி எழுந்து மீண்டும் ஏட்டைப் பார்த்துக் கற்க வேண்டும். ஜேக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் புனைகதைகளிலிருந்து கைகாக்ஸ் எடுத்தாண்ட கருத்து இது. இரண்டாம் படிக்கு ஏறக் கள்வனுக்கு 1,251 அனுபவப் புள்ளிகள் போதும். சமயகுருவுக்கு 1,501, போர்வீரனுக்கு 2,001, மந்திரவாதிக்கு 2,501 வேண்டும். இளமையில் வீரன் மந்திரவாதியைத் தன் கேடயத்தின் பின் வைத்துக் காக்கிறான்; நாள் செல்லச் செல்ல மந்திரவாதி ஓங்கி அக்கடனைத் தீர்க்கிறான். வாழ்நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இருவர் கணக்கும் சரியாகும் என்பது எண்ணம்.

எண்ணம் அழகியதுதான். ஆனால் வாழ்நாள் முழுவதும் ஆடுகிற குழு எங்கே இருக்கிறது? தேர்வு வரும், மாற்றல் வரும், திருமணம் வரும். கதை பாதியில் நின்றுவிடும். இளம்படியிலேயே முடியும் கதையில் மந்திரவாதி வெறும் சுமை. உயர்ந்த படியில் தொடங்கும் கதையில் வீரன் வெறும் துணை. கடன் கொடுத்தவன் ஒருவனாகவும் வட்டி வாங்குபவன் வேறொருவனாகவும் முடிகிறது. மேலும், அந்தப் பட்டியலைத் தொடர்ந்து படிப்பவர்க்கு வியப்பு ஒன்று காத்திருக்கிறது. ஏழாம் படியை அடையப் போர்வீரனுக்கு 70,001 புள்ளிகள் வேண்டும். மந்திரவாதிக்கு 60,001 போதும். மெல்ல ஏற வேண்டியவன், வலிமை பெருகத் தொடங்கும் அந்த இடத்திலேயே விரைந்து ஏறுகிறான்.

வலிமை பெருகும் முறையிலும் வேறுபாடு உண்டு. வீரனின் வளர்ச்சி கூட்டல். மந்திரவாதியின் வளர்ச்சி பெருக்கல். 1978-ஆம் ஆண்டு விதிப்படி, பத்தாம் படியை எட்டிய வீரனின் நீள்வாள் ஒரு வீச்சுக்கு எட்டு முகப் பகடை ஒன்றின் அளவே காயம் தரும். சராசரி 4.5, உடல் வலிமையும் மாயவாளும் சிறிது கூட்டும், இரு சுற்றுக்கு மூன்று வீச்சு. அதே படியில் மந்திரவாதியின் தீப்பந்து ஆறு முகப் பகடைகள் பத்தை உருட்டும். சராசரி 35, அதுவும் ஒருவன் மீதன்று, அந்த வட்டத்துள் நிற்கும் அனைவர் மீதும். காயத்தின் கணக்கை விட்டுவிடினும், மந்திரம் பூட்டைத் திறக்கிறது. அங்கே கள்வனுக்கு வேலையில்லை. மந்திரம் பறக்கச் செய்கிறது. அங்கே மலையேறுபவனுக்கு வேலையில்லை. வீரனின் தொழில் சண்டையில் மட்டும். மந்திரவாதியின் தொழில் எங்கும்.

பழைய விதிகள் இதற்குச் சில தளைகளையும் இட்டிருந்தன. மந்திரம் சொல்லி முடிக்குமுன் சிறு காயம் பட்டாலும் அது பாழாகும். ஒன்பதாம் படியில் வீரன் கோட்டை கட்டிப் படையாட்களைச் சேர்த்து நாடாளும் தகுதி பெறுவான். 1997-இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தை வாங்கிய 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் 2000-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, இத்தளைகள் பல தளர்ந்தன. எல்லா வகைக்கும் ஒரே அனுபவப் பட்டியல்; இரண்டாம் படிக்கு யாவர்க்கும் 1,000 புள்ளிகள். எதிரியின் அருகிலும் கவனமாக மந்திரம் சொல்ல வழி பிறந்தது. மந்திரச் சுருள்களைத் தானே எழுதிச் சேமிக்கும் திறம் மந்திரவாதிக்கு முதற்படியிலேயே வாய்த்தது. விதிகளை எளிமையாக்க வேண்டும் என்ற நன்னோக்கத்தால் செய்தவை இவை. எனினும், ஒவ்வொரு பழைய விதியும் எந்தச் சுவரைத் தாங்கி நின்றது என்பது அதை அகற்றிய பின்னரே தெரிந்தது.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு மறு எல்லைக்குச் சென்றது. காப்பவர், தாக்குபவர், தலைவர், களம் கட்டுப்படுத்துபவர் எனத் தொழில்கள் நான்காக வகுக்கப்பட்டன. எந்த வகையானாலும் எப்போதும் பயன்படுத்தும் ஆற்றல், சண்டைக்கு ஒருமுறை பயன்படுத்தும் ஆற்றல், நாளுக்கு ஒருமுறை பயன்படுத்தும் ஆற்றல் என ஒரே அமைப்பு. கணக்குச் சரியாயிற்று, அதை விரும்பி ஆடியோரும் பலர். ஆயினும் முணுமுணுப்பு எழுந்தது. வாளை ஒருவிதமாகச் சுழற்றிய வீரன், ஓர் இரவு உறங்கி எழுந்த பின்னரே மறுபடி அவ்விதம் சுழற்றலாம் என்றால், அவனும் ஒரு மந்திரவாதிதானே என்று கேட்டனர். யாரைத் தேர்ந்தாலும் ஒன்றே என்னும் நிலையில் தேர்வதன் சுவை குன்றுகிறது. ஒருவனுக்கு உரிய பங்கைக் கொடுப்பதற்காக அவனுடைய தனித்தன்மையை விலையாக வாங்கினால், அதையும் முழு நீதி எனச் சொல்ல மனம் வரவில்லை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இடைவழியைத் தேடிற்று. நீடித்து நிற்கும் மந்திரங்களுள் ஒரு நேரத்தில் ஒன்றையே மனத்தில் நிறுத்தலாம் என்று வரையறுத்தது. வீரனின் சிறப்பாற்றல்கள் ஒரு மணி நேர ஓய்வில் மீளும். மந்திரவாதியின் கருவூலம் நிரம்ப எட்டு மணி நேர நெடிய ஓய்வு வேண்டும். அதுவும் 24 மணி நேரத்தில் ஒருமுறைதான் பயன் தரும். இத்தகைய இரு ஓய்வுகளுக்கு நடுவே நடுத்தரக் கடுமையுள்ள சண்டைகள் ஆறு முதல் எட்டு வரை ஒரு குழுவால் தாங்க இயலும் என்று நடுவர் கையேடு கணக்கிட்டது. இந்த ஒரு வரியில்தான் முழுச் சமனும் தொங்குகிறது என்பதை நான் நூலில் கற்கவில்லை. எங்கள் வீட்டு உணவு மேசையில் கண்டேன்.

என் பேத்தியும் அவளுடைய நண்பர் நால்வரும் மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்து வீட்டில் ஓராண்டுக்கு மேலாக இந்த 2014-ஆம் ஆண்டுப் பதிப்பை ஆடி வருகின்றனர். பேத்தியே நடுவர். நால்வருள் ஒருத்தி வங்காளி, ஒருவன் பஞ்சாபி, இருவர் தமிழர். ஆங்கிலத்தில் தொடங்கும் பேச்சு, சண்டை சூடேறியதும் இந்தியில் பாயும். பகடை காலை வாரினால் தமிழில் புலம்பல் எழும். பஞ்சாபிப் பையன் என்னைத் 'தாத்தாஜி' என்பான். நான் நாளிதழுடன் அருகில் அமர்ந்து கேட்பவன். ஓரிரு முறை வாயிற்காவலனுக்கும் கிழ வணிகனுக்கும் குரல் கொடுத்ததும் உண்டு.

மாடி வீட்டுத் தமிழ்ப் பையன் போர்வீரனை ஏற்றிருந்தான். தந்தையின் மாற்றலால் ஈராண்டுகளுக்கு முன் தில்லிக்கு வந்த பிள்ளை அவன். இந்தி இன்னும் நாவில் படியவில்லை. இந்த மேசையே இவ்வூரில் அவனுக்குக் கிடைத்த முதல் நட்பு வட்டம். தொடக்கத்தில் கதையின் முன்னணியில் அவனே நின்றான். பாத்திரங்கள் ஏழாம் படியை எட்டிய பின் அவன் பேச்சுக் குறைந்தது. வங்காளிப் பெண்ணின் மந்திரவாதினி ஒரு தீப்பந்தில் எதிரிகளைச் சுட்டுவிடுவாள். ஆறு குறுக்கிட்டால் பறப்பாள். கதவு மூடியிருந்தால் மந்திரத்தால் திறப்பாள். எஞ்சிய ஓரிருவரை வெட்டி முடிப்பதே வீரனின் வேலையாயிற்று. ஒரு ஞாயிறு அவன் வரவில்லை; மறு ஞாயிறும் வரவில்லை. மின்தூக்கியில் கண்டபோது காரணம் கேட்டேன்.

"நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டாலும் ஒண்ணுதான் தாத்தா. கதை அதுபாட்டுக்கு நடக்கும்" என்றான்.

அவன் குரலில் சினம் இல்லை. கணக்குப் பார்த்து முடித்தவன் போலப் பேசினான். பதினெட்டு வயதில் ஒருவன், தான் இல்லாவிடினும் ஒரு கூட்டம் குறைவுபடாது என்று முடிவுகட்டுவதைக் கேட்பது எளிதாக இல்லை.

பேத்தியும் அதை உணர்ந்தே இருந்தாள். "அவனுக்கு ஒரு மாயவாள் குடுத்துடலாம்னு பாக்கறேன் தாத்தா" என்றாள். கணக்குத் தணிக்கையில் பல்லாண்டு கழித்தவன் நான். பற்றாக்குறை என்றால் முதலில் ஏட்டைப் பார்ப்பதே வழக்கம். கதை நிகழ்ச்சிகளை அவள் நாள்வாரியாக எழுதி வந்த ஏட்டைக் கேட்டு வாங்கினேன். கதையில் கடந்துபோன 22 நாள்களில் சண்டைகள் 25. ஒரே நாளில் இரண்டு சண்டை வந்தது மூன்று முறை. ஏனைய நாள்களில் நாளுக்கு ஒன்றே. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் குழு எங்கேனும் ஒதுங்கி, மறுநாள் வரை காத்திருந்து உறங்கியிருக்கிறது. அவசரமில்லாத கதையில் ஒரு நாள் காத்திருப்பதால் இழப்பு ஏதுமில்லை. ஏழாம் படி மந்திரவாதினிக்கு நாளொன்றுக்கு 11 மந்திரங்கள் வரை உண்டு. நாள் முழுவதற்கும் உரிய அந்த இருப்பை ஒரே சண்டையில் கொட்டலாம். மறுநாள் கருவூலம் மீண்டும் நிறைந்திருக்கும். மாதச் சம்பளத்தை ஒரே நாளில் செலவழித்தவனுக்கு மறுநாளே மறுபடி சம்பளம் கொடுத்தால், அவன் சிக்கனம் ஏன் கற்கப் போகிறான்? வீரனின் வாளோ களைப்பதில்லை. களைக்காத கைக்கு நீண்ட நாளில்தான் மதிப்பு. அந்த நீண்ட நாளே கதையில் வரவில்லை.

"புக்ல ஆறுலேர்ந்து எட்டுன்னுதான் போட்டிருக்கு தாத்தா. நாங்க யாரும் அப்படி ஆடினதே இல்ல" என்றாள் பேத்தி. மாயவாளைப் பற்றி அவள் பிறகு பேசவில்லை. மாடிக்குத் தானே சென்று அவனை அழைத்து வந்தாள்.

அடுத்து அவள் அமைத்த கதைநாள் இரண்டு ஞாயிறுகள் நீடித்தது. மலையடிவாரச் சுரங்கம் ஒன்றில் ஊரார் சிறைப்பட்டிருக்கின்றனர். உள்ளே நீர் ஏறி வருகிறது. விடியுமுன் மீட்டாக வேண்டும். உறங்க நேரமில்லை, ஒரு மணி நேர ஓய்வு ஒருமுறை மட்டும் எடுக்கலாம். ஏழு இடங்களில் எதிரிகள். முதல் இரண்டில் மந்திரவாதினி வழக்கம்போல் அள்ளி வீசினாள். மூன்றாவதில் எண்ணத் தொடங்கினாள். சுரங்கம் குறுகலானது, தீப்பந்து எறிந்தால் தோழரையும் சுடும் என்ற எண்ணமும் அவளைத் தடுத்தது. ஐந்தாவதில் அவளிடம் வலிய மந்திரம் எதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேர ஓய்வில் வீரனின் ஆற்றல்கள் மீண்டிருந்தன. ஊராரை மற்றவர்கள் ஒவ்வொருவராக மேலேற்ற, சுரங்க வாயை அடைத்துக்கொண்டு நின்றவன் அவனே. சிறைப்பட்டோருள் முதிய படைவீரர் ஒருவர் இருந்தார். அஞ்சி நின்ற மக்களை நம்பச் செய்ய, அவர் வேறு யாருடைய சொல்லையும் கேட்கவில்லை, வாளேந்தியவன் சொல்லையே கேட்டார். அது பேத்தியின் நுட்பம். சண்டைக்கு வெளியேயும் வீரனுக்கு ஒரு வாயில் வேண்டும் என்பதை அவள் கண்டுகொண்டிருந்தாள். இறுதியில் எஞ்சிய ஒரு சிறு மந்திரத்தை எங்கே பயன்படுத்துவது என்று நால்வரும் பத்து நிமிடம் வாதிட்டனர். பையன் குரலே அதில் ஓங்கி ஒலித்தது.

இதில் நான் கற்ற செய்தி இரண்டு. விதிநூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வீரனுக்குப் புதிய ஆயுதம் வரவில்லை. மந்திரவாதினியின் ஆற்றல் குறைக்கப்படவும் இல்லை. நாளின் நீளம் மாறிற்று, அவ்வளவே. இரண்டாவது, சமன் குலைந்திருந்த காலத்தில் மந்திரவாதினியை ஏற்ற பெண்ணும் ஒன்றை இழந்திருந்தாள். எல்லாம் எளிதாக வாய்த்தபோது அவள் ஏவிய மந்திரங்கள் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. எண்ணி எண்ணி வைத்திருந்து கடைசியாக ஏவிய அந்தச் சிறு மந்திரத்தைத்தான் அவள் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தாள். ஒருவனை மங்கச் செய்யும் வலிமை, அதை உடையவர்க்கும் சுவை தருவதில்லை.

வேறு வழிகளும் இருக்கின்றன. 1987-இல் ஜானதன் ட்வீட், மார்க் ரைன்ஹேகன் என்ற இருவர் 'ஆர்ஸ் மேஜிகா' என்னும் விளையாட்டைப் படைத்தனர். மந்திரவாதிகளே வலியவர் என்பதை அது ஒளிக்கவில்லை, வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆனால் ஒவ்வொருவரும் மந்திரவாதி ஒருவரையும் துணைவர் ஒருவரையும் வைத்திருப்பர். காவலாட்கள் எல்லார்க்கும் பொது. இன்று இவர் மந்திரவாதியாகச் சென்றால், மற்றவர் துணைவராகவும் காவலாளாகவும் உடன் செல்வர். அடுத்த கதையில் முறை மாறும். வலிமையைச் சமமாக்காமல் முறையைச் சமமாக்கிய வழி அது. அதே ஜானதன் ட்வீட்தான், பின்னர் 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பை வடித்த குழுவுக்குத் தலைமை தாங்கினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரே மனிதர் கைப்பட்ட இரு நூல்களில் ஒன்று ஏற்றத்தாழ்வை ஏற்று முறைவைத்தது. மற்றொன்று யாவர்க்கும் ஒரே படிக்கட்டு அமைத்தது.

ஐந்தாம் பதிப்பின் விதிகள் 2024-இல் மறுபடி திருத்தப்பட்டன. படைக்கலம் ஏந்துவோர்க்கு ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனித்திறன்கள் புதிதாகத் தரப்பட்டன. 1974-இல் தொடங்கிய வழக்கு 50 ஆண்டுகள் கடந்தும் தீர்ப்பாகவில்லை. தீராததற்குக் காரணம், விதிநூல் வலிமையை மட்டுமே நிறுக்க வல்லது என்பதுதான் என நினைக்கிறேன். ஆடுபவர் வேண்டுவது வலிமை அன்று. தம்மைப் பிறர் வேண்டியிருத்தல். அதை எந்த அச்சுப் புத்தகமும் முன்கூட்டி நிறுத்துத் தர இயலாது. மேசையில் அமர்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்கும் நடுவரால் இயலும். திருக்குறளில் நடுவு நிலைமை என்னும் அதிகாரம் சான்றோரைத் துலாக்கோலுக்கு உவமை கூறுகிறது. முதலில் தான் சமனாக நின்று பின்னரே பிறவற்றை நிறுப்பது அக்கோல். நடுவர் என்ற சொல்லை இவ்விளையாட்டுக்கு நான் தேர்ந்ததற்கு அதுவே காரணம். இரு தட்டிலும் ஒரே பொருளை வைப்பது கோலின் வேலையன்று. ஒரு தட்டில் பொன்னும் மறு தட்டில் படிக்கல்லும் இருக்கலாம்; முள் நேராக நிற்க வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டத்தில் இடம் கிடைப்பது எளிதன்று. மொழி புதிது, தெரு புதிது, பள்ளி புதிது. கிடைத்த இடத்தில் தமக்கும் வேலை உண்டு என்று அவர்கள் உணர்ந்தால்தான் அவ்விடம் நிலைக்கும். ஆகவே, வீட்டில் பிள்ளைகள் பகடை உருட்டிக் கூச்சலிடும்போது, அது வீண்பொழுது என்று எண்ணிக் கதவைச் சாத்திவிடாமல், பெரியவர்கள் சற்று நின்று கேட்கலாம். யார் பேசுகிறார், யார் பேசாதிருக்கிறார் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

கதை நடத்தும் இளைஞர்க்கும் ஒன்று கூறுவேன். ஆட்டம் முடிந்து பகடைகளைப் பையில் இடும்போது, ஒவ்வொருவர் எத்தனை எதிரிகளை வீழ்த்தினார் என்று எண்ண வேண்டா. இன்று ஒவ்வொருவருக்காகவும் மற்றவர் அனைவரும் ஒரு கணமேனும் காத்திருந்தனரா என்று எண்ணிப் பாருங்கள். யாருக்காக அக்கணம் வரவில்லையோ அவர் பெயரை ஏட்டின் மறுபக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றின் கதை அந்தப் பெயரிலிருந்து தொடங்கட்டும்.